டீ குடிச்ச கீபோர்டு: புள்ளி விழாம போன ஒரு கேஸ், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற ஆளு, கடை எங்க ஊர் கோர்ட்டுக்கு எதுத்தாப்ல. பக்கத்துல ஒரு டிடிபி சென்டர், அதுல டைப் பண்ற அக்கா 20 வருஷமா அந்த தொழில்ல இருக்காங்க, மனு, வாதுரை, பத்திரம் எல்லாம் அவங்க கை வழியாத்தான் போகும். இந்த கேஸ் அவங்க கீபோர்டு பத்தினது. ஐநூத்தி சொச்ச ரூபா கீபோர்டுக்கு எதுக்குய்யா இவ்ளோ எழுதறன்னு கேப்பீங்க, சரிதான், ஆனா இதுல நானே ரெண்டு தப்பு பண்ணேன், அந்த ரெண்டையும் ஊர்ல முக்கால்வாசி பேரு பண்றாங்க, அதான்.

நடந்தது என்னன்னா, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி டீ. மவுசு வலது பக்கம் இருக்கறதால டீ கிளாஸ் எப்பவும் இடது பக்கம். பிரிண்டர்ல மாட்டுன பேப்பரை இழுக்கறப்ப முழங்கை பட்டு கால் கிளாஸ் டீ கீபோர்டு மேல. அக்கா டீ வேற சர்க்கரை தூக்கலா, பால் கெட்டியா. திங்கக்கிழமை காலைல ஃபைல் பண்ண வேண்டிய மனு பாதில நிக்குது, அதனால கீபோர்டை கவுத்து ரெண்டு தட்டு தட்டி, துணியால துடைச்சு, கவுண்டர்ல இருந்த ஹேண்ட் சானிடைசரையும் நாலு சொட்டு விட்டு தேச்சுட்டு அப்படியே டைப் பண்ணிட்டே இருந்திருக்காங்க. யூஎஸ்பிய கழட்டவே இல்ல. இது முக்கியம், பின்னாடி வரும்.

சனிக்கிழமை லேசா கோளாறு, திங்கக்கிழமை காலைல வக்கீல் சார் பிரிண்டை கைல வச்சுக்கிட்டு "என்னம்மா இது, எதிரமனுதாரர-னு அடிச்சிருக்கீங்க"ன்னு சத்தம் போட்டிருக்கார். அக்கா என்கிட்ட வந்து "தம்பி, புள்ளி மட்டும் விழ மாட்டேங்குதுப்பா"ன்னாங்க. பிரிண்டை வாங்கி பாத்தேன், அங்கதான் சுவாரஸ்யமே. "அவரகள"னு இருக்கு, ஆனா "வழக்கு" சரியா இருக்கு. "நீதிமன்றம"னு இருக்கு, நடுவுல 'ன்' மேல புள்ளி இருக்கு, கடைசி 'ம்' மேல மட்டும் இல்ல.

அக்கா அடிக்கறது தமிழ்99, 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த லேயவுட். அதுல ஒரே மெய்ய ரெண்டு தடவ அடிச்சா முதல் எழுத்துக்கு புள்ளி தானா வந்துடும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற மாதிரி ஜோடிக்கும் தானா வரும். மத்த இடத்துல எல்லாம் எஃப் கீய அடிக்கணும். ஆக தானா வர்ற புள்ளி எல்லாம் வருது, விரலால அடிக்கற புள்ளி மட்டும் வரல, சாஃப்ட்வேர் மேல தப்பு இல்ல, எஃப் கீ ஒண்ணுதான் படுத்திருக்குன்னு கீபோர்டை கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. இந்த ஒரு தடவ எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துச்சு, அது ரொம்ப நேரம் நிக்கல.

கடைல இருந்த பழைய கீபோர்டு ஒண்ணை அக்காவுக்கு கொடுத்துட்டு இதை எடுத்து வந்து மேசைல வச்சேன். அஞ்சு நிமிஷத்துல எறும்பு வரிசை கட்டி வந்துடுச்சு. கவுத்து தட்டினா முறுக்கு தூள், முடி, ரப்பர் துருவல், பக்கத்து ஜெராக்ஸ் மிஷின்ல இருந்து வர்ற கருப்பு டோனர் தூசி, கூடவே மூணு ஸ்டேப்ளர் பின்னு. எஃப் கீய அமுக்கினா உள்ள போகுது, மேல வர்றதுக்கு யோசிக்குது. சில நேரம் ஒரு அடிக்கு நாலு எஃப் விழுது, சில நேரம் ஒண்ணுமே இல்ல. இடது ஷிஃப்டும் அப்படித்தான்.

எந்த கீபோர்டு வந்தாலும் நான் முதல்ல பாக்கறது இதைத்தான். கீ மெதுவா மேல வந்தா பிசுக்கு, அதாவது தண்டு ஏறி இறங்கற குழிக்குள்ள ஏதோ ஒட்டியிருக்கு, மேல இருந்தே சரி பண்ணலாம். கீ டக்குனு மேல வருது ஆனா எழுத்து விழலன்னா கோளாறு அடில, பிளாஸ்டிக் ஷீட்டுல. சம்பந்தமே இல்லாத நாலஞ்சு கீ ஒண்ணா சேந்து போச்சுன்னா அது அழுக்கே இல்ல, வேற விஷயம். அன்னைக்கு இந்த கீபோர்டுல என் கண்ணுக்கு தெரிஞ்சது முதல் வகை மட்டும்.

கீ மூடிகளை கழட்டறதுக்கு முன்னாடி மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துக்கணும், இதை சொல்றதுக்கே கூச்சமா இருக்கு, ஆனா எடுக்காம கழட்டிட்டு ஸ்க்ரோல் லாக் எங்க இருந்துச்சு பாஸ் பிரேக் எங்க இருந்துச்சுன்னு முழிச்சவங்களை பாத்திருக்கேன். ரெண்டு ஜெம் கிளிப்பை நிமித்தி நுனிய கொக்கி மாதிரி வளைச்சு எதிர் எதிர் மூலைல விட்டு நேரா மேல இழுத்தா சின்ன கீ எல்லாம் வந்துடும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்டுக்கு அடில ஒரு கம்பி இருக்கும், நீளமான கீய எந்த ஓரத்துல அமுக்கினாலும் சமமா இறங்கறதுக்காக வச்சது, அதை ஆத்திரத்துல இழுத்தா கம்பிய பிடிச்சிருக்கற பிளாஸ்டிக் காது உடைஞ்சுடும், அப்புறம் அந்த கீ வாழ்நாள் முழுக்க கோணலாத்தான் இறங்கும்.

இப்ப என் முதல் தப்பு. எல்லாரும் சொல்ற மாதிரி 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை, நாங்க ஐபிஏன்னு சொல்வோம், சிரிஞ்சுல எடுத்து எஃப் குழிய சுத்தி விட்டு நாலஞ்சு தடவ அமுக்கி அமுக்கி விட்டேன். பத்து நிமிஷம் அருமையா வேலை செஞ்சுது. அக்காவுக்கு போன் போட்டு "முடிஞ்சுதுக்கா"ன்னு சொல்லிட்டேன். ராத்திரி கடை பூட்டறப்ப அமுக்கி பாத்தா முன்ன விட மோசம், குழி ஓரத்துல வெள்ளையா தயிர் மாதிரி ஏதோ வேற.

யோசிச்சு பாத்தா விஷயம் சின்னது. சர்க்கரை தண்ணில கரையும், ஐபிஏல கரையாது. சந்தேகமா இருந்தா ஒரு ஸ்பூன் சர்க்கரைய ஐபிஏல போட்டு கலக்கி பாருங்க, மணல் மாதிரி அடிலயே கிடக்கும். நான் ஊத்தினது பிசுக்குல இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தை இழுத்துட்டு ஆவியா போச்சு, சர்க்கரை அங்கயே இன்னும் கெட்டியா உக்காந்துக்கிச்சு. பால் கதை அதை விட மோசம், பால் சொசைட்டில கெட்டுப்போன பாலைக் கண்டுபிடிக்க ஆல்கஹால் கலந்து பாப்பாங்க, புளிப்பேறின பால்னா உடனே திரிஞ்சுடும். மூணு நாள் பழசான பால் டீ மேல 99 சதவீத ஆல்கஹாலை ஊத்தி அதே டெஸ்ட்டை நான் கீபோர்டுக்குள்ள நடத்தியிருக்கேன். ஐபிஏ எதுக்கு நல்லதுன்னா கை எண்ணெய், பழைய ஸ்டிக்கர் பசை, பேனா கறை, அப்புறம் தண்ணில கழுவினதை சீக்கிரம் காய வைக்கறதுக்கு. டீ, காபி, ஜூஸ், கூல்டிரிங்க்ஸ்னா முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஐபிஏ. இந்த வரிசைய மாத்தினதுதான் என் தப்பு.

அக்கா விட்ட சானிடைசரும் சும்மா இல்ல. கை காஞ்சு போகாம இருக்கறதுக்காக அதுல கிளிசரின் சேப்பாங்க, உலக சுகாதார நிறுவனம் கொடுத்த ஃபார்முலாலயே 1.45 சதவீதம் கிளிசரின் இருக்கு. ஆல்கஹால் ஆவியா போயிடும், கிளிசரின் போகாது, தூசிய கூப்பிட்டு உக்கார வச்சுக்கும்.

மறுநாள் முழுசா பிரிச்சேன். பின்னாடி வரிசையா ஸ்க்ரூ, ஒண்ணு மட்டும் ஸ்டிக்கருக்கு அடில ஒளிஞ்சிருக்கும், அதை கழட்டாம நெம்பினா மூடி விரிசல் விடும், ஸ்டிக்கர் மேல விரலை தேச்சா குழி தட்டும், அங்கதான். உள்ள ஒரு ரப்பர் ஷீட்டு, ஒவ்வொரு கீக்கும் ஒரு சின்ன குமிழ். அதுக்கு கீழ மூணு அடுக்கு பிளாஸ்டிக் பிலிம், மேல் ஷீட்டுலயும் கீழ் ஷீட்டுலயும் வெள்ளி மசியால போட்ட கோடு, நடு ஷீட்டுல ஓட்டை. கீய அமுக்கினா குமிழ் அழுந்தி, மேல் கோடும் கீழ் கோடும் ஓட்டை வழியா தொட்டுக்கும், எழுத்து விழும், அவ்ளோதான் டெக்னாலஜி. மேல ஒரு குட்டி சர்க்யூட் போர்டு, அதுல ஒரு கருப்பு தார் சொட்டு மாதிரி சிப்பு.

அந்த போர்டை தனியா கழட்டி ஓரமா வச்சுட்டேன், அதுக்கு தண்ணியே காட்டக்கூடாது. மேல் மூடி, கீ மூடிங்க, ரப்பர் ஷீட்டு மூணையும் ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு ஊற போட்டேன். கொதிக்கற தண்ணி கூடாது, கீ மூடி வளைஞ்சு போகும். குழிய எல்லாம் பழைய டூத் பிரஷ்ஷால தேச்சேன், பழுப்பு தண்ணி வந்துட்டே இருந்துச்சு, அலசிட்டு ஃபேனுக்கு கீழ நியூஸ்பேப்பர்ல பரப்பி வச்சேன். மொட்டை மாடில வெயில்ல காய வைக்காதீங்க, நம்ம ஊர் மத்தியான வெயில்ல மூடி கோணிக்கும். ஹேர் டிரையர் சூடும் அதே கதைதான். அரிசி மூட்டைக்குள்ள புதைக்கறதும் வேண்டாம், அரிசி தவிடு உள்ள போறது தவிர வேற ஒண்ணும் நடக்காது, ஃபேன் காத்துல ஒரு நாள் முழுசா விட்டா போதும்.

பிலிம்தான் சிக்கல். மூணு அடுக்குக்கு நடுவுல டீ புகுந்து தகடு மாதிரி ஒட்டியிருந்துச்சு, இடது பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு பழுப்பா ஒரு மேப்பு. அடுக்குங்க ஓரத்துல அங்கங்க சூடு வச்சு ஒட்டியிருப்பாங்க, அதனால முழுசா பிரிக்காம ஒரு மூலைய மட்டும் தூக்கி, தண்ணி தொட்ட இயர்பட்ஸை உள்ள விட்டு துடைச்சேன். பழுப்புக்கு நடுவுல ஒரு கோடு மட்டும் கருப்பா இருந்துச்சு, அழுக்குன்னு நினைச்சு கொஞ்சம் அழுத்தி தேச்சேன். கருப்பு போயிடுச்சு. சந்தோஷமா இருந்துச்சு.

இதுதான் ரெண்டாவது தப்பு. காஞ்சதும் மாட்டி டெஸ்ட் பண்ணா எஃப் மேலயும் கீழயும் வெண்ணெய் மாதிரி போகுது, எழுத்துதான் விழல. எஃப் மட்டும் இல்ல, ஜி, ஆர், டி, வி, பி, கூட 4, 5 எண்ணும் சேத்து எட்டு கீ மொத்தமா அவுட். டீ படாத கீயெல்லாம் கூட. தமிழ்99ல அடிச்சு பாத்தேன், புள்ளியோட சேத்து வ, எ, ஏ, ஐ, ங எல்லாம் போச்சு. "வழக்கு"ன்னு அடிச்சா "ழக்கு"ன்னு வருது, "வக்கீல்"ன்னு அடிச்சா "க்கீல"ன்னு வருது. அதை ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

ஏன் எட்டு கீ சேந்து போச்சு? கீபோர்டுல 104 கீ இருந்தா சிப்புக்கு 104 வயர் போறதில்ல. நெசவுல பாவும் ஊடையும் மாதிரி, நீளவாக்குல சில கோடு, குறுக்குவாக்குல சில கோடு, ரெண்டும் சந்திக்கற இடத்துல ஒரு கீ. 8 கோடு இந்த பக்கம் 18 கோடு அந்த பக்கம்னா 26 கோட்டுல 144 சந்திப்பு கிடைச்சுடும். சிப்பு ஒவ்வொரு கோட்டா வேகவேகமா சோதிச்சுக்கிட்டே இருக்கும், எந்த பாவு எந்த ஊடைய தொட்டுச்சுன்னு பாத்து எழுத்தை அனுப்பும். ஒரு பாவு நூல் அறுந்தா அது மேல இருக்கற கீ எல்லாம் ஒண்ணா செத்துடும், பக்கத்து வரிசை ஜாலியா இருக்கும். எட்டு கீயும் பக்கத்து பக்கத்துல ஒரு கொத்தா இருந்ததை பாத்ததும் இது கோடு அறுந்த கேஸ்னு புரிஞ்சுது. மீட்டர் வச்சு கோட்டோட மின்தடைய பாத்தேன், பக்கத்து கோட்டுல சில பத்து ஓம் காட்டுது, இந்த கோட்டுல ஒண்ணுமே காட்டல. எங்கன்னு நகத்தி நகத்தி பாத்தா, சரியா நான் கருப்பை தேச்ச இடம்.

அது அழுக்கு இல்ல, அரிச்சுப்போன வெள்ளி. கீபோர்டு யூஎஸ்பில மாட்டியிருக்கற வரைக்கும் உள்ள கோடுகள்ல மின்சாரம் போயிட்டு வந்துட்டுதான் இருக்கும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல டீ தேங்கினா அது ஒரு குட்டி பேட்டரி தொட்டி மாதிரி ஆயிடும், வெள்ளி ஒரு கோட்டுல இருந்து கரைஞ்சு கரைஞ்சு போகும், மிச்சம் கருப்பாகும். வெள்ளிக்கிழமைல இருந்து திங்கக்கிழமை வரைக்கும் யூஎஸ்பி மாட்டியே இருந்துச்சு இல்லையா, அந்த மூணு நாள் வேலைதான் இது. நூலா தொங்கிட்டு இருந்ததை என் இயர்பட்ஸ் அறுத்து விட்டுச்சு. டீ கொட்டின அந்த நொடில வயரை பிடுங்கி கவுத்து வச்சிருந்தா, மூணு நாள் கழிச்சு கொண்டு வந்திருந்தாலும் வெறும் பிசுக்குதான் இருந்திருக்கும், தண்ணில கழுவி கொடுத்திருப்பேன். கொட்டினதுக்கு அப்புறம் கீய தட்டி தட்டி வேலை செய்யுதான்னு பாக்கறதும் கூடாது, ஒவ்வொரு அமுக்கலும் டீய உள்ள பம்ப் பண்ற மாதிரி.

அக்கா கிட்ட உண்மைய சொன்னேன். "பரவால்ல தம்பி, தூக்கி போட்டுரு, புதுசு வாங்கிக்கறேன்"னாங்க, வாங்கியும்ட்டாங்க. ஆனா புதுசுல பேக்ஸ்பேஸ் சின்னது, என்டர் வேற வடிவம், ரெண்டு நாள் கழிச்சு வந்து "கை ஓட மாட்டேங்குதுப்பா, பழசு ஏதாச்சும் தேறுமா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நானும் பிடிவாதமா உக்காந்துட்டேன்.

முதல்ல 6பி பென்சிலால அறுந்த இடத்துல அழுத்தி கோடு போட்டேன், கிராஃபைட் மின்சாரம் கடத்தும்ல. எட்டு கீயும் உயிர் வந்துச்சு, ஒரு மணி நேரம். ஷீட்டு லேசா வளைஞ்சதும் பொடி உதிர்ந்துடுச்சு. அப்புறம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருக்கற ஒரு ஃபிரண்டு கிட்ட சொல்லி சில்வர் பெயின்ட் ஒரு குட்டி பாட்டில் பஸ் பார்சல்ல வரவச்சேன். கார் பின் கண்ணாடில பனிய போக்க போட்டிருக்கற கம்பிக்கோடு அறுந்தா தடவுவாங்களே, அதே வகை. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, பத்தி குச்சி நுனியால தொட்டு ஒரே இழு, ஈரம் காயறதுக்குள்ள டேப்பை உரிச்சுடணும், இல்லன்னா டேப்போட கோடும் வந்துடும். ராத்திரி முழுக்க காய விட்டு காலைல மீட்டர் வச்சேன், பக்கத்து கோடு அளவுக்கே காட்டுச்சு. மாட்டி அடிச்சேன். "எதிர்மனுதாரர்" முழுசா வந்துச்சு, ரெண்டு புள்ளியும்.

கணக்கு பாத்தா சில்வர் பெயின்ட், பார்சல் செலவு, ஐபிஏ எல்லாம் சேத்து புது கீபோர்டு விலைக்கு மேல போயிடுச்சு, என் கூலிய சேக்காமலே. அக்கா கிட்ட வாங்கினது ஒரு டீ, அதையும் கீபோர்டு பக்கத்துல வைக்க விடல.

இந்த கூத்து நடக்கறப்ப அதே வக்கீல் சார் தன் லேப்டாப்பை தூக்கிட்டு வந்து "இதையும் கழுவி கொடுப்பியா"ன்னார். லேப்டாப்புல கீபோர்டுக்கு நேர் கீழ மதர்போர்டு, அதனால அதுல தண்ணி வைத்தியமே கிடையாது. ஏதாச்சும் கொட்டினா பவர் பட்டனை அழுத்தி பிடிச்சு ஆஃப் பண்ணி, சார்ஜரை பிடுங்கி, விரிச்சபடியே கூரை மாதிரி கவுத்து வச்சு நேரா சர்வீஸுக்கு எடுத்துட்டு வாங்க, ஆன் ஆகுதான்னு பாக்காதீங்க. தூசி மட்டும்னா காத்து அடிக்கலாம். ஸ்ப்ரே டப்பா காத்துன்னா டப்பாவை நேரா பிடிக்கணும், கவுத்தா உள்ள இருக்கற திரவமே பீச்சி அடிச்சு எல்லாத்தையும் உறைய வச்சுடும். தூசிதானேன்னு அலட்சியமா நினைக்கறவங்களுக்கு ஆப்பிள் கதை தெரிஞ்சிருக்கணும், 2015ல இருந்து ஒல்லியா வேணும்னு பட்டர்ஃபிளைன்னு ஒரு கீ அமைப்பு போட்டாங்க, சின்ன தூசி துகள் புகுந்தாலே கீ ஒட்டிக்குது இல்ல ரெண்டு தடவ விழுதுன்னு புகார் மேல புகார். லேப்டாப்பை 75 டிகிரி சாச்சு பிடிச்சு இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு காத்து அடிங்கன்னு அவங்களே வழிமுறை போட்டாங்க, 2018ல இலவசமா சரி பண்ணி தர்ற திட்டம் வந்துச்சு, கேஸ் கோர்ட்டுக்கு போய் 2022ல 5 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. 2019 கடைசில வந்த 16 இஞ்ச் மாடல்ல பழைய அமைப்புக்கே திரும்பிட்டாங்க. வக்கீல் சாருக்கு இதுல பிடிச்சது 5 கோடி டாலர் மட்டும்.

அவர் லேப்டாப்புல ஏற்கனவே ஒரு வேலை நடந்திருந்துச்சு, வீட்டுல யாரோ நெயில் பாலிஷ் ரிமூவரால துடைச்சு கீயெல்லாம் மேகம் மூடுன மாதிரி. அசிட்டோன் (ரிமூவர்ல இருக்கறது), தின்னர் ரெண்டுமே கீ மூடி செய்யற ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை கரைச்சுடும், பக்கத்துலயே கொண்டு வரக்கூடாது. கதவு கீல், சைக்கிள் செயினுக்கு அடிக்கற துரு ஸ்ப்ரேயும் அப்படித்தான், அடிச்ச அன்னைக்கு வழுக்கும், எண்ணெய் தங்கி மறு மாசம் தூசியும் அதுவும் சேந்து பசையாயிடும். தூசிய ஒட்டி எடுக்கன்னு பச்சை கலர் ஜெல் மாவு ஒண்ணு விக்குதே, அது புதுசுல பரவால்ல, வெயில் காலத்துல இளகி குழிக்குள்ள துண்டு துண்டா விட்டுட்டு வரும், என் கடைல அதை நான் வச்சுக்கறதில்ல.

தினசரி சுத்தத்துக்கு அக்காவுக்கு நான் சொன்னது ரொம்ப சாதாரணம். வயரை கழட்டு, கவுத்து தட்டு, ஒரு இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால சந்துல தூசி எடு, நல்லா பிழிஞ்ச ஈரத்துணியால துடை. கிருமி பத்தி பயம் இருந்தா ஐபிஏ தொட்ட துணி, துணில தொடணும், கீபோர்டு மேல ஊத்தக்கூடாது. 2006ல நார்த் கரோலினா பல்கலைக்கழக ஆளுங்க ஆஸ்பத்திரி கீபோர்டுகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல கிருமிநாசினிங்க எல்லாமே 95 சதவீதத்துக்கு மேல பாக்டீரியாவை எடுத்துடுச்சு, வெறும் சுத்தமான தண்ணி தொட்டு துடைச்சதே நல்லா வேலை செஞ்சுது, 300 தடவ துடைச்சும் கீபோர்டுக்கு ஒண்ணும் ஆகல. தேய்க்கறதுதான் பாதி வேலை. வாரம் ஒரு தடவ துடைச்சா போதும்க்கான்னேன், செய்யறாங்களான்னு கேக்காதீங்க.

இப்ப நாலு மாசம் ஆச்சு. பழைய கீபோர்டு அக்கா மேசைலதான் ஓடுது. மழை பேஞ்ச ஒரு நாள் மட்டும் ஜி கீ ரெண்டு தடவ விழுந்துச்சுன்னு கொண்டு வந்தாங்க, பிரிச்சு பாத்தேன், நான் போட்ட கோடு அப்படியே இருக்கு, ஓரத்துல நான் துடைக்காம விட்ட ஒரு சொட்டு டீ ஈரத்துல இளகியிருந்துச்சு, தண்ணி தொட்ட இயர்பட்ஸால எடுத்துட்டு ஃபேன்ல காய வச்சு மாட்டி கொடுத்தேன். இந்த தடவ கருப்பா எது தெரிஞ்சாலும் தொடல. டீ கிளாஸ் இடம் மாறி பிரிண்டர் மேல போயிருக்கு, அதை பத்தி தனியா அக்கா கிட்ட பேசணும்.